சோப்பைச் சுற்றி விழாத வளையம்

பிரேசர் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து நானூற்றுப் பத்து காலடி நடந்தால் ஒரு மைதானம் வரும். வருஷா வருஷம் அங்கே பதினோரு நாள் பொருட்காட்சி போடுவார்கள். இந்த வருஷம் அது தொடங்கியபோது என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகியிருந்தன. கால் ஓரளவு தேறிவிட்டது. வலது கை மட்டும் மடியில் கிடந்தபடியே கிடந்தது. பயிற்சி கொடுக்க வரும் பெண் தினமும் முப்பது தடவை தூக்கச் சொல்லியிருந்தாள். இவள் ஒரு தடவைகூடத் தூக்க மாட்டாள். இன்னும் இரண்டு மாதம் அப்படியே விட்டால் கை அப்படியே நின்றுவிடும் என்று அந்தப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள். அறுபது நாள். நான் தினமும் ஒன்று கழித்துக்கொண்டிருந்தேன்.

காற்றாட வெளியே கூட்டிப்போன ஒரு சாயங்காலம், வளையம் எறியும் கடை முன்னால் இவள் நின்றாள். மேஜைமேல் கட்டை கட்டையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் சோப்பு, பவுடர் டப்பா, பின்வரிசையில் சுவர்க் கடிகாரம். வளையம் பொருளைச் சுற்றி முழுசாகக் கீழே படுத்தால் பொருள் நமக்கு. "பன்னி அம்மா, பன்னி" என்று கடைக்காரர் கன்னடத்தில் வரச்சொல்லிக் கூப்பிட்டார். இவள் வலது கையை நீட்டி வளையத்தை வாங்கினாள்.

பன்னிரண்டு தடவை எறிந்தாள். ஒன்றும் விழவில்லை. ஆனால் கை பன்னிரண்டு தடவை எழுந்தது. நான் பக்கத்தில் நின்று வாய்க்குள் எண்ணினேன்.

மறுநாள் பத்து. அதுவும் விழவில்லை. கடைசி மூன்று வளையங்கள் மேஜைக்கே போய்ச் சேரவில்லை. மூன்றாம் நாள், "வேணாங்க, அசிங்கமா இருக்கு" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகப் போய் இரண்டு நாள் ஓரமாக நின்று பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு எறி, மூன்று வெற்றி. அதே சோப்பை வாங்கிவந்து மூலைக்கு மூலை நூல் வைத்து அளந்தேன். அந்த நூலைக் கடையில் ஒரு வளையத்துக்குள் வைத்துப் பார்த்தேன். உள் அகலம் அதைவிட ஒரு நெல் அளவுதான் கூடுதல். நேர் மேலேயிருந்து வைத்தால் இறங்கும். சாய்ந்து வந்தால் சோப்பின் மூலையில் மாட்டிக்கொள்ளும். எட்டடி தூரத்திலிருந்து சாயாமல் யாரால் எறிய முடியும்? தப்பு அவள் கையில் இல்லை என்று சாப்பாட்டு வேளையில் இதையெல்லாம் அவளிடம் விளக்கினேன். ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

"அப்போ விழவே விழாதுங்கறீங்க."

"இருநூத்திப் பன்னெண்டுல மூணு."

"அந்த மூணு பேருக்கும் கை நல்லாருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு இடது கையால் மோர் ஊற்றிக்கொண்டாள்.

அன்றைக்கே கடைக்காரரிடம் போனேன். வாணியம்பாடிப் பக்கத்து ஆள், நாற்பது வயசிருக்கும். விஷயத்தைச் சொல்லிப் பணத்தை எடுத்தேன்.

"உள்ள வைங்க சார். காசு வாங்கிட்டு ஜெயிக்க வச்சா கடை விளங்குமா?" என்றார். பிறகு கூடாரத்து ஆணியில் தொங்கிய ஒரு வளையத்தைக் காட்டினார். "இது போணி வளையம். ஒரு சுத்து பெருசு. மொதல்ல வர்ற ஆளுக்கு ஒண்ணு விழுந்தாதான் அன்னிக்குக் கூட்டம் நிக்கும். நாளைக்கு நாலு மணிக்கு அம்மாவைக் கூட்டியாங்க. அவங்கதான் போணி."

"ஏமாத்துற மாதிரி இல்லையா?"

"நீங்க ரெண்டு நாளா ஓரமா நின்னு எண்ணுனீங்களே, பெரியவரே, அதைவிடவா?" என்று சிரித்தார்.

மறுநாள் அவளைக் கெஞ்சி, கடைசியில் கோபித்துக்கொண்டு கூட்டிப்போனேன். மைதானத்தில் அவ்வளவாக ஆள் இல்லை. வளையம் கைக்கு வந்தது. முதல் எறி தள்ளிப்போனது. கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது சோப்பைச் சுற்றிப் படுத்தது.

கடைக்காரர் தகர டப்பாவைத் தட்டினார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைத் தட்டினேன். அவள் சோப்பைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"ஒரு பைசா குடுக்கலை. சத்தியமா."

"நீங்க எண்ணலையே" என்றாள். "அன்னிக்கெல்லாம் முணுமுணுன்னு எண்ணிட்டிருந்தீங்க. இன்னிக்கு வாயே அசையலை. விழும்னு தெரிஞ்சவர் எதுக்கு எண்ணணும்?"

நாற்பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவள். அவள் வலது கை இறங்கிவிட்டது. கடைக்காரர் சோப்பை நீட்டினார். "அம்மா, எடுத்துக்கங்க, உங்களோடதுதான்." இடது கையால் வாங்கி அதே கட்டைமேல் திருப்பி வைத்தாள்.

"சின்ன வளையமே குடுப்பா, அதுல எறியறேன்" என்று அவள் கேட்பாள் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. வீட்டை நோக்கி நடந்தாள். வழியெல்லாம் வலது கை முந்தானைக்குள் இருந்தது.

பொருட்காட்சி மிச்சமிருந்த ஐந்து நாளும் அவளைக் கூப்பிட்டேன். வரவில்லை. கடைசி நாள் கடைக்காரர் தானே வீட்டுக்கு வந்து பேசுவதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். அந்த விளையாட்டு நியாயமானதல்ல, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், கணக்கு இருக்கிறது. ஆனால் அந்த ஆள் யாரிடமும் விழாது என்று சொன்னதில்லை. அதைச் சொன்னவன் நான்.

இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி. பயிற்சிப் பெண் வந்து கையைத் தானே பிடித்துத் தூக்கி, தானே இறக்கிவிட்டுப் போகிறாள். போன வாரம் ஆஸ்பத்திரியில் இவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தேன். ஆட்டோவில் ஏறியதும் கேட்டாள்.

"இந்த மாதிரி கைங்க எத்தனையில எத்தனை திரும்புதாம்?"

"அதெல்லாம் நான் கேக்கலை" என்றேன்.

கேட்டிருந்தேன்.