அடுத்தவர் சோபா

வீட்டுப் பெரியவர் சோபாவைப் பழைய போர்வையால் மூடி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, முடிச்சை இருமுறை இழுத்துப் பார்க்கிறார். பிறகு வாங்குபவரின் பெயரையும் தேதியையும் ஓர் அட்டையில் எழுதிக் கயிற்றில் செருகுகிறார். இனி அதில் வீட்டார் யாரும் உட்காரக் கூடாது.

முப்பத்தோர் ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் கிடங்கைக் காத்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அவருக்கு 'ஸ்டோர் கீப்பர்' என்றே பெயர். கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் ஓர் ஆணியைக்கூட வெளியே விட்டதில்லை. இப்போது வேண்டாத சாமான்களைக் கைப்பேசி வழியே விற்கிறார். முன்பின் தெரியாத எவரேனும் "எனக்கு வைங்க, எடுத்துக்கறேன்" என்று எழுதிவிட்டால் போதும். பணம் வராவிட்டாலும் அக்கணமே அது அடுத்தவர் சொத்து. சென்ற ஆண்டு இஸ்திரிப் பெட்டி அப்படித்தான் விலைபோயிற்று. மைத்துனர் மகளின் திருமணப் படத்தில் இவர் குடும்பம் மட்டும் கசங்கிய உடையில் நிற்கிறது. பணம் வரவே இல்லை. பெட்டி இன்னும் பெயர் அட்டையோடு யாரும் தொடாமல் அலமாரியில் இருக்கிறது.

ஏய்ப்பவர்களை அவர் ஏசுவதில்லை. நலம் விசாரித்தே வதைப்பார். "நாளைக்குப் போட்டுடறேன் சார்" என்று பத்து நாளாக இழுத்தடித்த சோபாக்காரருக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு செய்தி போயிற்று. "உங்க சோபா சௌக்கியம். நேத்து ஒரு பூனை ஏறப் பாத்துது. உங்க பேரச் சொன்னேன், இறங்கிடுச்சு." மறுநாள்: "தூசி தட்டினேன். உங்கள நினைச்சு ஏங்குது போல."

இம்முறை விளையாட்டு வினையாயிற்று. மனைவிக்கு முழங்கால் வீங்கி, காலை நீட்டியே உட்கார வேண்டுமென்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகள் வாங்கிவைத்த சாய்வு நாற்காலியோ கடையிலேயே கிடந்தது. சோபா வெளியேறினால்தான் அதற்கு இடம். பதினோராம் நாள் மாலை, பிளாஸ்டிக் ஸ்டூலில் காலைத் தொங்கவிட்டபடி மனைவி கேட்டார்:

"அந்த மகராசன் இன்னைக்காவது பணம் போடுவானா?"

"நாளைக்குன்னிருக்கார்."

"அப்ப இன்னைக்கு நான் உக்காந்துக்கறேன்."

"அடுத்தவங்க பொருள் மேல எப்படி உக்கார்றது?"

"அது அடுத்தவங்களுது, சரி. என் காலு யாரோடதுங்க?"

அவர் கைப்பேசியை எடுத்தார். முறை தவறாமல் சோபாக்காரருக்கு எழுதினார்: "உங்க சோபால என் வீட்டம்மா கொஞ்ச நேரம் கால் நீட்டிக்கலாமா? அனுமதி வேணும்."

பதில் நொடியில் வந்தது: "தாராளமா சார். பணம் நாளைக்கு."

மனைவி கைப்பேசியை வாங்கிப் படித்தார். ஸ்டூலைப் பிடித்து எழுந்தார்; அட்டை, கயிறு, போர்வை எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தரையில் தள்ளினார்; சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் நிதானமாகச் சோபாக்காரருக்குத் தட்டி அனுப்பினார்: "தம்பி, சோபாவ நான் எடுத்துக்கறேன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். பணம் நாளைக்கு."

ஸ்டோர் கீப்பர் அதை இருமுறை படித்தார். "எடுத்துக்கறேன்" என்று எழுத்தில் வந்துவிட்டது, மறுக்க வழியில்லை.

"நீங்களும் உக்காருங்க" என்று மனைவி காலைச் சிறிது ஒடுக்கிக்கொண்டார்.

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முதன்முறையாக ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளியைப்போல் பாதி உடம்பை வெளியே விட்டு, சோபாவின் விளிம்பில் அமர்ந்தார்.