பறியைப் பல்லில் கடிக்காத அம்மா

அம்மாவுக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்த நாட்களில் நான் அவளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். என் படிப்பின் லட்சணம் அவ்வளவுதான்.

எங்களுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. பழவேற்காடு ஏரியில் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். வாய் அடைத்திருக்கும், மூக்கால்தான் மூச்சு. அம்மா அப்படி அரை நாள் உட்காருவாள். கரைக்கு வந்து பறியை எடுத்த பிறகுதான் யாரையாவது திட்டவே ஆரம்பிப்பாள்.

அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள், கீமோ ஊசி போட்டார்கள், கடைசியாகக் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். தோல் ஆறும்வரை உப்புத் தண்ணீரில் இறங்கக் கூடாது. இருமலோ மூச்சு வாங்குதலோ வந்தால் உடனே வர வேண்டும். நான்தான் படித்துச் சொன்னேன். பொன்னேரியில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள் அல்லவா, வீட்டில் எழுத்து தெரிந்த ஒரே ஆள்.

மூன்றாவது வாரமே அவள் ஏரியில் இறங்கிவிட்டாள். நான் கத்தினேன்.

"கரண்டு வெச்ச ஒடம்பு, அதையும் இதையும் தடவிக்கினு வூட்லயே குந்திக்கினு இருக்கணுமா? எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்டி" என்றாள்.

இரண்டு மாதம் போனதும் வறட்டு இருமல் தொடங்கியது. அதோடு இன்னொன்றும் நடந்தது. பறியைப் பல்லில் கடிப்பதை விட்டுவிட்டு, கயிறு கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டாள். கூட இறால் பிடிக்கும் பெண்கள் விடுவார்களா?

"இன்னா, பல்லு ஆட்டங்கண்டுடுச்சா? கெயவியாயிட்டியா?" என்று கேலி செய்தார்கள். அவளும் "ஆமாடி, ஊசி போட்டதுல பல்லு வீக்காயிடுச்சி" என்று சிரித்து மழுப்பினாள்.

நானும் நம்பினேன். ஊசி போட்ட நாட்களில் வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூடக் குடிக்க முடியாமல் கிடந்தவள், பல்லும் போயிருக்கும் என்று நினைத்தேன். பல் டாக்டர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, கல்லு மாதிரி இருக்கிறதென்றார். சந்தோஷமாகத் திரும்பி வந்தோம். பல் நன்றாக இருந்தால் பறி ஏன் இடுப்புக்கு இறங்கியது என்று யோசிக்க எனக்கு மூளை இல்லை.

அடுத்த வாரம் சென்னையில் செக்கப். போகும்போது பஸ்ஸில் அவள் காதில் ஓதினேன்: "ஏரிக்குப் போனத சொல்லாத. சொன்னா என்னைத்தான் திட்டுவாங்க."

அங்கே இருந்த சின்ன டாக்டர் இருமலைக் கேட்டுக்கொண்டார். "வேலைக்குப் போறீங்களா?" என்றார். "இல்லீங்க, வூட்லதான்" என்றாள். "மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்றார்.

"இல்லீங்க."

இது மட்டும் பொய்யில்லை. எங்கள் ஊரில் யார் வீட்டிலும் மாடி கிடையாது. அவள் ஏறினால்தானே வாங்குவதற்கு! பக்கத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இருமல் மருந்து எழுதிக்கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்தோம்.

பிறகு காய்ச்சல் வந்தது. பொன்னேரி டாக்டர் மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை, வேறு மாத்திரை கொடுத்தார். எக்ஸ்ரேயில் இடது நுரையீரலில் வெள்ளையாகத் தெரிந்ததும் டி.பி.யாக இருக்குமோ என்று சளியை எடுத்தனுப்பச் சொன்னார். இரண்டு முறையும் கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் ஊருக்கு ரிசல்ட் எல்லாம் வேண்டாம். எதிர் வீட்டில் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். கூட்டாக இறால் பிடித்தவர்கள்தான். அந்த டம்ளரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தவள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு கருத்திருந்தது. சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்ததும் ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள்.

இந்த முறை பார்த்தவர் கரண்டு வைத்த பெரிய டாக்டரம்மா. படத்தை வெளிச்சத்தில் பிடித்து விரலால் காட்டினார். நுரையீரலில் இருந்த வெள்ளைக்கு ஒரு பக்கம் நேர்கோடாக ஓரம் இருந்தது.

"எந்தக் கிருமியும் ஸ்கேல் வெச்சு கோடு போடாதும்மா. கதிர் பட்ட இடம் மட்டும் புண்ணாயிருக்கு. அந்த ட்ரீட்மெண்ட்டால வந்ததுதான். ஆமா, இத்தனை நாளா மூச்சு வாங்கலயா?"

அம்மா முகமூடியை நகர்த்தினாள். "பறிய கடிக்க முடியலம்மா. கடிச்சா மூக்குல காத்து பத்தல."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். பல் டாக்டரையும் சொன்னேன், ஏரியையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "போன தடவையே இதச் சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்திரைய ஆரம்பிச்சிருப்போம்" என்றார். அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். காலண்டரில் எழுதி வைத்து நான் கையாலேயே கொடுத்தேன். சர்க்கரை ஏறியது, முகம் உப்பியது. அதைப் பார்த்து ஊர் "ஆளு நல்லா தேறிட்டா" என்றது. புண் ஆறியது. ஆனால் ஒரு பாகம் தழும்பாக இறுகிவிட்டது, அது இனி விரியாதாம். ஏரியில் அவள் இறங்குவதும் அதோடு முடிந்தது. பறி இன்னும் ஆணியில் தொங்குகிறது. எடுத்துப் போட எனக்குத் தைரியமில்லை.

இந்த மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தது. ஊரையே புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். தூண்கள் மேல் நிற்கிற கட்டடம், எங்கள் ஊரில் படி உள்ள ஒரே இடம். ஏழாவது படியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து காற்றைத் தேடினாள். மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"இப்ப வந்து கேக்கச் சொல்லு அந்த டாக்டர, மாடி ஏறினா மூச்சு வாங்குதான்னு" என்றாள்.

"நீ அன்னிக்கே பறியப் பத்தி சொல்லியிருக்கணும்மா" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதத்தில் ஒருமுறைகூடச் சொல்லாததை அப்போது சொன்னாள்.

"பறியப் பத்தி சொன்னா ஏரியையும் சொல்லணும். சொல்லாதன்னு சொன்னவ நீதாண்டி."

அப்புறம் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். மீதிப் படிகளை ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறினோம்.