எல்லைக்கோடு வளைந்த கதை

ராயபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. கண்ணில் ஊசி என்று கேட்டதும் செருப்பை விட்டுவிட்டு ஓடுகிறவர்களைத் திரும்ப அழைத்து வருவது சம்பளத்தில் சேராத வேலை. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு பெஞ்சில் கிடந்த அனுபவம் உள்ள சர்க்கரைக்காரர்களுக்கு இது புரியும்.

கட்டம் போட்ட அட்டை

ஆரோக்கியம் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடி கால்பந்து மைதானத்தில் லைன்ஸ்மேன். பந்து கோட்டுக்கு உள்ளே இருக்கும்போதே, வெளியே போய்விட்டதென்று கொடியைத் தூக்குகிறார் என்று புகார். பொங்கல் டோர்னமெண்டில் கொடியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவரை எங்களிடம் கொண்டுவந்தது. ஆனால் தவறு கண்ணில் இல்லை, சுண்ணாம்புக் கோடு போடும் சேகரின் கையில்தான் என்பது அவர் கட்சி.

சுவரில் இருந்த கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, கோடெல்லாம் நேராக இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதையும் அந்த சேகர்தான் போட்டானா சிஸ்டர்?"

பள்ளம்

விழித்திரையின் நடுவில் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கவேண்டும். அண்ணனுக்கு அந்த இடம் சர்க்கரையால் நீர் கோத்து மேடாகியிருந்தது. மாதாமாதம் ஊசி போட்டு, சர்க்கரையையும் அடக்கினால் வீக்கம் வடியும், பள்ளம் திரும்பலாம் என்றார் டாக்டர். வெளியே மணலிக்குப் போகும் டேங்கர் லாரி ஒன்று குழியில் விழுந்து எழுந்த சத்தம் கேட்டது.

"மெட்ராஸ்ல பள்ளம் வரணும்னு ஊசி குத்திக்கற மொத ஆளு நான்தான்."

கறுப்புக் குமிழி

ஊசி அவர் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. மருந்தோடு துளிக் காற்றும் போயிருக்கும், கறுப்புக் குமிழி மாதிரி தெரியும், ஓரிரு நாளில் கரைந்துவிடும், தூசியில் போகாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினோம். மறுநாளே மைதானத்தில் நின்றிருக்கிறார். குமிழி கோட்டைத் தாண்டிய போதெல்லாம் கொடி உயர்ந்திருக்கிறது. பந்தோ எதிர்ப்பக்கக் கோல் கம்பத்தருகே இருந்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்களாம். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ரெண்டு பந்து ஓடிகினு கீது, நான் எதைத்தான் பாக்கறது?"

நேராகிவிட்ட கண்

சில ஊசிகளுக்குப் பிறகு ஸ்கேனில் பள்ளம் தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணனோ கொதித்துக்கொண்டிருந்தார். பொங்கல் வந்துவிட்டது, மைதானத்தில் கோடு இன்னும் கோணலாகவே கீது, இந்த ஊசி வேஸ்ட்டு, இனிமேல் வரமாட்டேன் என்றார். அட்டையைக் காட்டினேன். எல்லாக் கோடும் நேராகத் தெரிகிறது என்றார். அப்படியானால் மைதானத்துக் கோடு மட்டும் எப்படிக் கோணலாகும் என்று கேட்டேன்.

துணைக்கு வந்திருந்த சேகர் வாசலில் தலையைச் சொறிந்தார். கண் கெட்டிருந்தபோது, நேராகக் கோடு போட்டால் அண்ணனிடம் திட்டு விழுந்ததாம். அதனால், அண்ணன் "இப்பத்தான் நேரா கீது" என்று சொல்லும்வரை நெளித்து நெளித்துப் போட்டு, கை அப்படியே பழகிவிட்டதாம்.

"கண்ணு சரியாய்டுச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நைனா?"

பொங்கலன்று கொடி அண்ணன் கையில்தான் இருந்தது, அடுத்த ஊசிக்கும் ஒழுங்காக வந்துவிட்டார், ஆனால் அவர் கண்ணை விட்டுப் போன கோணல் சேகரின் கையை விட்டுப் போவதற்குத்தான் சுண்ணாம்பு நிறையச் செலவானது.