மாமாவும் திருத்திய ஆணையும்

வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில் எங்கள் மாமா அளவுக்கு வேலையாக இருந்தவர் எங்கள் ஊரில் வேறு யாருமில்லை. காலை பஸ்ஸுக்கு, தேய்த்த சட்டையும் சீப்பின் கோடு தெரியும் தலையுமாக, எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பார். ஒருநாள் பாலக்கோட்டில் தோட்டக்கலை அலுவலகம், ஒருநாள் தாலுகா ஆபீஸ், மாதத்துக்கு ஒருமுறை தருமபுரியில் கலெக்டர் ஆபீஸ். அங்கெல்லாம் அவருக்கு ஆகவேண்டிய காரியம் என்று ஒன்றும் கிடையாது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பார். நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

அவர் அம்மாவின் தம்பி. பன்னிரண்டாவது முடித்தவர். அரசாங்க வேலைக்கான பரீட்சையை எத்தனை முறை எழுதினார் என்பதை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாக எண்ணுவதில்லை. பரீட்சைக்காகச் சட்டதிட்டங்களைப் படிக்கத் தொடங்கியவர், போகப்போகப் பரீட்சையில் வரவே வராத சட்டதிட்டங்களையும் படிக்கப் போய்விட்டார். அதிலும் விவசாயத் தண்ணீர் பற்றியது என்றால் ஒரு காகிதத்தையும் விடமாட்டார். இறந்துபோனவர் பெயரில் இருக்கும் மோட்டார் இணைப்பை எப்படி மாற்றுவது, ஏரி வண்டல் எடுக்க யாரிடம் மனுக் கொடுப்பது, சொட்டுநீர் மானியத்துக்கு எந்தெந்தச் சான்று என்று எல்லாம் அந்த நோட்டில் இருந்தன. ஒரு விதி மாறினால் பழையதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதைத் தேதியோடு எழுதுவார். சில பக்கங்களில் நீலத்தைவிடச் சிவப்பு அதிகமாக இருக்கும்.

ஊரில் அவரை ‘ஆபீசர்’ என்று கூப்பிட்டார்கள். மரியாதைக்காக அல்ல. பள்ளிக்கூடத்தில் என்னையும் ‘ஆபீசர் வூட்டுப் புள்ள’ என்பார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு அது போதுமான அவமானம். பஸ் நிறுத்தத்தில் மாமா நின்றால் நான் சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போவேன்.

அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். இரண்டு ஏக்கர் நிலத்தை அம்மாதான் பார்த்துக்கொண்டார். கிணறு பெரியப்பாவின் நிலத்தில் இருந்தது. அதில் எங்களுக்குப் பாதிப் பங்கு. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே வெறும் காற்றை இழுத்துச் சத்தம் போடும். வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினால் தண்ணீர் தக்காளியின் நாலாவது வரிசையைத் தாண்டுவதற்குள் மண் குடித்துவிடும். சொட்டுநீர்க் குழாய் போட்டால்தான் செடி பிழைக்கும் என்று மாமா சொன்னார். அம்மா பெயரில் மனுவும் அவரே எழுதினார். சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். நிதியாண்டு முடிவதற்குள் தோட்டக்கலை அதிகாரி வந்து நிலத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம்தான். அதுவரை செடி காத்திருக்காது.

அதிகாரி வந்த அன்று சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. வரப்போரம் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். பாதிப் பேர் நிலத்தைப் பார்க்க வந்தவர்கள் இல்லை, ஆபீசரை ஒரு நிஜ ஆபீசர் என்ன செய்கிறார் என்று பார்க்க வந்தவர்கள். பெரியப்பா மோட்டார் ரூம் நிழலில் ஒதுங்கி நின்றிருந்தார்.

அதிகாரி நல்ல மனிதர்தான். வெயிலில் நாலு ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் காகிதங்களைப் புரட்டியவர், வரைபடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“கெணறு உங்க சர்வே நம்பர்ல இல்லையேம்மா. சொந்தத் தண்ணி வசதி இல்லாம மானியம் தர முடியாது.”

அம்மா மாமாவைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாமா இரண்டடி முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“முன்ன வந்த ஆணைப்படி நீங்க சொல்றது சரிங்க சார். அதுக்கப்புறம் ஒரு திருத்தம் வந்துருக்குதுங்க. பங்குக் கெணறா இருந்தா, கூட்டுப் பங்குதாரர் சம்மதக் கடிதம் குடுத்தாப் போதும்னு இருக்குதுங்க.”

“நீங்க யாரு?”

“இவங்க தம்பிங்க சார்.”

“எனக்குத் தெரியாம எப்பங்க திருத்தம் வந்துச்சு?”

மாமா நோட்டைத் திறக்கவில்லை. ஆணையின் எண்ணைச் சொன்னார், தேதியைச் சொன்னார், எத்தனையாவது பத்தி என்றும் சொன்னார். பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார். அதிகாரி செல்போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் புளியமரத்தடிக்குப் போனார். பேசினார், காத்திருந்தார், மறுபடி பேசினார். அத்தனை நேரமும் மாமா கட்டிய கையை அவிழ்க்கவில்லை. அம்மா காய்ந்த தக்காளிக் கிளை ஒன்றைக் கிள்ளிக் கிள்ளிப் பொடியாக்கிக்கொண்டிருந்தார்.

அதிகாரி திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை.

“இருக்குதுங்க. மேல சொல்லிட்டாங்க. கடிதம் வாங்கித் தாங்க, நான் இன்னைக்கே எழுதிடறேன்.”

கடிதத்தை மாமா முந்தின நாளே எழுதித் தயாராக வைத்திருந்தார். பெரியப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினார். பெரியப்பா அதை வாங்கவில்லை.

“இதுல கையெழுத்துப் போட்டா கெணத்துல எம்பங்கு போயிரும்னு சொல்றாங்களேப்பா.”

“போகாதுங்க. மூணாவது வரியப் படிச்சுப் பாருங்க. உங்க பங்கு உங்களுதுதான்னு அதுலயே எழுதியிருக்கறேன். கொழாய் போட்டா தண்ணி கம்மியாத்தான் எடுப்போம். மிச்சம் கெணத்துலதான கெடக்கும்.”

பெரியப்பா மூன்றாவது வரியை உதடு அசைத்து இரண்டுமுறை படித்தார். பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, “எனக்கும் இந்தக் கொழாய் போடலாமாப்பா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஆனால் அடுத்த நிமிடமே நாலு பேர் மாமாவைச் சுற்றிக்கொண்டு ஆளுக்கொன்றாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போதும் ஆபீசர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல் அன்று வேறு மாதிரிக் கேட்டது.

அதிகாரி வண்டியில் ஏறும்போது மாமாவின் தோளைத் தட்டினார். “நீங்க பரீட்சை எழுதணுங்க. எழுதினா என் சீட்டுல நீங்கதான் உக்காருவீங்க.”

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். “சரிங்க சார்” என்றார்.

ஒரு மாதத்துக்குள் கறுப்புக் குழாய்கள் வரிசை வரிசையாக நிலத்தில் படுத்தன. வால்வைத் திறந்ததும் ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஒரு சொட்டு வந்து நின்று, மின்னி, விழுந்தது. கடைசி வரிசைவரை ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கும் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன கதையில் அதிகாரிகள் மூன்று பேராகிவிட்டார்கள், அதில் ஒருவர் கலெக்டர். பஸ் நிறுத்தம் வழியாகத்தான் போனேன். மாமா நின்றால் வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

அதிகாரி வந்துபோன மறுநாளே மாமா தன் பரீட்சைப் புத்தகங்களை எல்லாம் கயிற்றால் கட்டி என்னிடம் கொடுத்திருந்தார். தண்ணீர் நோட்டுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

“பழைய பேப்பர்க்காரர்கிட்டப் போட்டுட்டு, குடுக்கறத நீயே வெச்சுக்க, கண்ணு.”

அவ்வளவு கனமான புத்தகக்கட்டை நான் அதற்குமுன் சுமந்ததில்லை. ஜெயித்துவிட்டார், இனி எதற்குப் படிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், எங்கள் மாமா எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டார் என்று நிமிர்ந்து சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பரீட்சைக்கு மனுப் போட ஒரு வயது வரம்பு உண்டு என்பதோ, அந்த வருடத்தோடு மாமா அதைத் தாண்டிவிட்டார் என்பதோ எனக்குத் தெரியாது. அந்த விதிக்கு மட்டும் திருத்தம் எதுவும் வரவில்லை.