மரத்துக்கு அந்தப் பக்கம் போன மகள்

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் பதினான்கு வருஷமாக மேட்ரனாக இருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் அப்பா அம்மாமார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். விட்டுவிட்டு வாசலில் நின்று அழுவார்கள். எல்லோரிடமும் நான் ஒன்றையேதான் சொல்வேன்.

"வெரசா கெளம்பிருங்க. திரும்பிப் பாக்காதீங்க. நீங்க கேட்டைத் தாண்டுன பத்தாவது நிமிசம் பிள்ளை வெளையாடப் போயிரும்."

அது உண்மைதான். பிள்ளை விளையாடப் போய்விடும். பெற்றவர்கள்தான் வண்டியைக் கிளப்பாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு முறை ஓர் அப்பா, பிள்ளையின் ஸ்வெட்டரைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். பிறகு மழைக்கோட்டைக் கொடுக்க வந்தார். மூன்றாம் முறை கையில் ஒன்றுமே இல்லாமல் வந்தார். டீ கொடுத்து அனுப்பினேன். கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறார். சொந்த வண்டி. சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏரி, பூங்கா, பாறை எல்லாம் காட்டி, மலை இறக்கி விடுவது அவர் சோலி. வீடு செண்பகனூரில். சொந்தபந்தம், பெரிய ஆஸ்பத்திரி, துணிக்கடை எல்லாம் கீழே. அதனால் எங்கள் வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதலில் மலை இறங்க வேண்டும், பிறகு ஏற வேண்டும்.

மகள் பிறந்தது வத்தலக்குண்டில். ஆறாம் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வருஷக்கணக்காக அந்தச் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற மனுஷன், அன்றைக்கு லைசென்ஸ் எடுக்க வந்தவர் மாதிரி ஓட்டினார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஊத்து என்கிற சிற்றூர்ப் பக்கத்தில் சாலை கொஞ்சம் அகலமான இடத்தில் பஸ் டிரைவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். தெரிந்தவர்தான்.

"என்னண்ணே, வண்டியில முட்டையா ஏத்திருக்கீங்க?"

"பிள்ளை," என்றார் இவர்.

"யாரு பிள்ளை?"

"என் பிள்ளை."

பஸ் டிரைவர் எஞ்சினை நிறுத்தாமலே குனிந்து பார்த்தார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். என்ன பிள்ளை என்று ஓர் அம்மா கேட்டார், பொம்பளைப் பிள்ளை என்று இவர் பதில் சொன்னார். மலைச்சாலையின் நடுவில் அது ஒரு சின்னக் கூட்டமாகவே நடந்தது. என் மகளை முதன்முதலாகப் பார்த்த வெளியாட்கள் அந்த பஸ்காரர்கள்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை அவளுக்குக் கொடுத்தது எட்டு வயதில். வீட்டுக்காரருடைய அண்ணன் மகளுக்கும் அதே வருஷம் என்பதால், இரண்டு பேருக்கும் சேர்த்து அண்ணன் ஊரான அய்யம்பாளையத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். கீழே போய் உடை மாற்றலாம் என்று நான் சொன்னேன். வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டேதான் வருவேன் என்றாள் மகள். பாதி மலை இறங்குவதற்குள் அதன்மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். சாலையோரக் குழாயில் கவுனை அலசினேன். காய வைக்க இடமில்லை. மீதி மலை முழுக்க, ஜன்னலுக்கு வெளியே நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். எதிரே வந்த வண்டிக்காரர்கள், ஏதோ அவசரம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். கோவிலுக்கு நாங்கள் கால் மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம்.

சும்மா ஊர் சுற்றிப் பார்க்க என்று போனது ஒரே ஒரு முறைதான். மகளுக்குப் பதினாலு, மகனுக்கு ஏழு வயது. கடல் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் நச்சரித்ததால் ராமேஸ்வரம் போனோம். தனுஷ்கோடியில் வண்டியை நிறுத்தியதும் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் திரும்பி எங்களிடம் சொன்னார்: "இங்க இருபது நிமிசம். போட்டோ எடுத்துட்டு வந்துருங்க."

"நீங்க வரலையா?" என்றேன்.

அப்போதுதான் தானும் வரலாம் என்று அவருக்குத் தோன்றியது. செருப்பைக் கழற்றி வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

மகன் கடலைப் பார்த்து, "ஏரிய விடப் பெருசாத்தான் இருக்கு. ஆனா படகு இல்ல," என்றான்.

அன்றைக்கு வெயில் கடுமை. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் மணலில் சாய்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். என்னிடம் முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறது. விடுதியில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஆனால் நான் அடி எடுத்து வைப்பதற்குள் மகள் போய்விட்டாள். அந்த அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். துப்பட்டாவை நனைத்து முகத்தைத் துடைத்தாள். சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்து, "காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க," என்று ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் தள்ளி நின்றார்கள்.

அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து மோர் குடித்த பிறகுதான் கிளம்பினோம். பரமக்குடி தாண்டும்போது மகள் பின்சீட்டிலிருந்து, "நான் நர்சிங் படிக்கப் போறேன்," என்றாள். "சரி," என்றார் இவர். அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவளும் மாற்றிக்கொள்ளவில்லை.

மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. குறித்த நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். விடுதிக்கு என்னென்ன வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மெத்தை, தலையணை, பக்கெட், கப்பு, பூட்டு இரண்டு, பெயர் தைத்த துண்டு நான்கு. இரண்டு நாள் லீவு போட்டு ஒரு பெரிய டப்பா நிறைய முறுக்கு சுட்டேன். போகிற வழியில் அவளுக்குச் சொல்ல வேண்டியதையும் மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மலை இறங்கும்போது பேசினால் அவளுக்குத் தலை சுற்றும். அதனால் வத்தலக்குண்டு தாண்டி, சமமான சாலை வந்ததும் ஆரம்பிப்பதாக முடிவு செய்திருந்தேன்.

வெள்ளனே எழுந்து, செபம் சொல்லி, ஆறு மணிக்குக் கிளம்பினோம். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. ஊத்து தாண்டி இரண்டு வளைவு இறங்கியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. வீட்டுக்காரர் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"மரம் அறுக்குற மெஷின் பழனி ரோட்டுல கெடக்காம். அங்கயும் ஒண்ணு விழுந்துருச்சாம். அத முடிச்சுட்டுத்தான் இங்க வருவாங்களாம்."

"எத்தனை மணியாகும்?"

"அது அவங்களுக்கே தெரியல."

மணி ஏழரை ஆயிற்று, எட்டு ஆயிற்று. மகன் ஒரு முறை வாந்தி எடுத்தான். வண்டி நின்றுகொண்டிருந்தும் எடுத்தான். மரத்துக்கு அந்தப் பக்கம், கீழேயிருந்து வந்த பஸ் ஒன்று மேலே வர வழியில்லாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் மரத்தின் மேல் ஏறி நின்று இந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"வண்டி திரும்புது! வத்தலக்குண்டு, மதுரை போறவங்க இறங்கி வாங்க!"

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, நான் இதுல போயிர்றேன்."

"இரு, நானும் வர்றேன்."

"தம்பிய யாரு பாக்குறது? அவன் இன்னொரு தடவ எடுப்பான்."

"அப்பா பாத்துக்கிருவாரு."

"அப்பாவ யாரு பாத்துக்கிருவா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் காரின் டிக்கியைத் திறந்து, மெத்தையை இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கிக்கொண்டிருந்தார்.

அவள் சான்றிதழ் கவரை மட்டும் எடுத்துக்கொண்டாள். நான் ஒரு துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் கையில் திணித்தேன். அப்பாவும் மகளும் முன்னால் போனார்கள், நான் பின்னால் போனேன். அவளைத் தூக்கி விடுவதற்காக அவர் கஷ்டப்பட்டு மரத்தின் மேல் ஏறிக் கை நீட்டினார். அதற்குள் அவள் கிளைகளுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். அவர் மரத்தின் மேலேயே நின்றுகொண்டு கண்டக்டரிடம், "என் மகதான், பாத்துக்கங்க," என்றார். "எங்களுக்கு எல்லாருமே மகதாண்ணே, நீங்க மொதல்ல பாத்து எறங்குங்க," என்றார் கண்டக்டர்.

மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்ததில் ஒன்றுகூட அந்த நேரத்தில் வரவில்லை.

"ஜன்னல் ஓரமா உக்காரு," என்றேன்.

"சரிம்மா."

பஸ் போய்விட்டது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.

பிறகு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். இறக்கிய மெத்தையைச் சாலையோரம் விரித்தேன். பின்னால் நின்ற வேனிலிருந்து இரண்டு பாட்டிமார் இறங்கி வந்து, கேட்காமலே அதில் உட்கார்ந்தார்கள். முழங்கால் வலியாம். அவர்களோடு வந்த குழந்தைகள் பசி என்று அழுதன. முறுக்கு டப்பாவைத் திறந்தேன். முன்னால் நின்ற காரிலிருந்தும் வந்தார்கள். வரிசையாக நிற்கச் சொன்னேன், நின்றார்கள். அது எனக்குத் தெரிந்த வேலை.

பாட்டிமாரில் ஒருவர் கேட்டார். "எங்கம்மா போறீங்க?"

"மகளக் காலேஜ்ல சேக்கப் போறோம்."

"மக எங்க?"

"போயிருச்சு."

அவர் வாய்வரை கொண்டுபோன முறுக்கை மடியில் வைத்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். அவர் என்ன புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது.

போனில் சிக்னல் வந்து வந்து போனது. "வத்தலக்குண்டு" என்று மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. பதினொன்றே முக்காலுக்கு "சேந்துட்டேன்" என்று வந்தது. படித்துக் காட்டினேன். வீட்டுக்காரர், "பன்னெண்டுக்குள்ளதான?" என்று கேட்டார். "ஆமா," என்றேன். மறுபடியும் கேட்டார். மெஷின் வந்து மரத்தை அறுத்து வழிவிட ஒன்றரை மணியாகிவிட்டது.

மதுரை போய்ச் சேரும்போது மணி நாலரை. கல்லூரி விடுதி வாசலில் என் வயதில் ஒரு வார்டன் நின்றார். மெத்தையைப் பார்த்துவிட்டு, "கட்டில் மெத்தை எல்லாம் நாங்களே குடுக்குறோமே," என்றார். வீட்டுக்காரர் அதைத் தோளில் வைத்தபடியே நின்றார்.

மகள் ஒரு புதுத் தோழியோடு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். சாப்பாடு சாம்பார், பரவாயில்லை என்றாள். பக்கெட்டையும் தலையணையையும் வாங்கிக்கொண்டு, டப்பாவைத் திறந்து பார்த்தாள். அடியில் நாலு முறுக்கு இருந்தது.

"மிச்சம் எங்கம்மா?"

"சாப்புட்டாங்க."

"யாரு?"

"தெரியாது."

அவள் சிரித்தாள். உள்ளே மணி அடித்தது, ஏதோ கூட்டமாம். அப்பாவின் கையைப் பிடித்தாள், தம்பியின் தலையைக் கலைத்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள், போய்விட்டாள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட இருக்காது.

வார்டன் என் பக்கம் வந்து, "அழாதீங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்," என்றார்.

"நான் அழலைங்க," என்றேன். அப்போது அது உண்மைதான். "நானும் ஹாஸ்டல் மேட்ரன்தான்."

"அப்ப ஒங்களுக்கே தெரியும். வெரசா கெளம்பிருங்க."

கிளம்பினோம். மகன் முன்சீட்டில் உட்காருகிறேன் என்றான், உட்கார்ந்தான். நான் பின்சீட்டில் மெத்தையோடு உட்கார்ந்தேன். மலை ஏறத் தொடங்கி டம் டம் பாறை வந்ததும், இவர் வண்டியை ஓரம் கட்டினார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"டயர்ல காத்து இருக்கான்னு பாத்துட்டு வந்துர்றேன்," என்று இறங்கினார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. மகன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"அம்மா, அப்பா டயரப் பாக்கலம்மா. ஸ்டெப்னிகிட்ட நிக்கிறாரு."

"ஏலே, ஸ்டெப்னியும் டயர்தான். சும்மா உக்காரு."

பாட்டில் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "சரியாத்தான் இருக்கு," என்றார். "நல்லது," என்றேன்.

பெருமாள்மலையில் மறுபடியும் நிறுத்தினார். காற்று இறங்கியிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறதாம். இந்த முறை நானும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன்.