சொம்பில் விழுந்த சோறு

விடியற்காலை. யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் எங்கள் பஸ்ஸுக்குச் செஞ்சியில் அடுப்பு மூட்டுகிறார்கள். கோட்டை மலை பனியில் பாதி கரைந்திருக்கிறது. காவிப் போர்வையோடு, சொம்பை ஏந்திக் குடிதண்ணீர் தேடி நடக்கிறேன். ஒரு குடிசையிலிருந்து வரும் பெண், சொம்பில் ஒரு கரண்டி சோறு போட்டுக் கும்பிடுகிறாள். நிமிர்ந்து என் மீசையைப் பார்த்ததும் பதறுகிறாள்.

"சாமியாருன்னு நெனச்சுட்டேங்க. சண்டைக்கு முன்ன ரங்கூன்ல இருந்தோம். விடிஞ்சா புத்த சாமியாருங்க வருவாங்க, வீட்டுக்கு வீடு சோறு போடுவோம்."

"இங்கே?"

"ரேஷன் அரிசிங்க. ஒரு வேளைக்கே பத்தல."

சொம்பை நீட்டுகிறேன். சோற்றின் ஆவி பனியோடு கலக்கிறது. அவள் கை நீட்டவில்லை.

"எடுத்துட்டுப் போங்க. இன்னிக்காவது அங்க இருந்த மாதிரி இருந்துக்கறேன்."