மாப்பிள்ளைக்கென்று வந்த கடிகாரம்

அந்தக் கைக்கடிகாரத்தைக் காதோடு ஒட்டி வைத்தால் 'டிக் டிக்' என்று கேட்காது. காலையில் தீவனம் போட்டவுடன் கொட்டகை முழுக்கக் கோழிகள் ஒன்றாகக் கொத்தத் தொடங்குமே, அந்தப் பொடிச் சத்தத்தைத் தொலைவிலிருந்து கேட்பதுபோல இருக்கும். சேந்தமங்கலம் சாலையில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறு உவமை எப்படித் தோன்றும்?

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, ஆப்பிரிக்காவில் 'ரிக்' வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்த சித்தப்பா விடுமுறைக்கு வந்து, அந்தச் சுவிஸ் கடிகாரத்தை அப்பாவிடம் கொடுத்தார். பாட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டியதில்லை, கட்டியிருப்பவரின் கை அசைய அசைய அதுவே முறுக்கேற்றிக்கொள்ளும் என்று அவர் விளக்கியதை, முட்டை அட்டைகளை அடுக்கியபடி அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா கேட்கவில்லை. கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்; அவர் மனம் அதற்குள் அங்கே போய்விட்டது. "இது நம்மூட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்கு" என்று சொல்லி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்துருண்டை மணக்கும் பட்டுப்புடவைகளுக்கு நடுவே அதை வைத்துப் பீரோவைப் பூட்டினார்.

சில மாதங்கள் கழித்து, அம்மாவின் அண்ணன், என் மாமா, புது லாரி எடுத்தார். நாமக்கல்லில் பாடி கட்டிய பட்டறையிலிருந்து வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுப்பதாக ஏற்பாடு. வெள்ளியன்று பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட வேண்டும். அப்பா கௌரவத்துக்காகக் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். பீரோவுக்குள் எப்போதோ நின்றுபோயிருந்த கடிகாரம், கையில் ஏறிய ஆட்டத்தில் உயிர் பெற்று, நின்ற மணியிலிருந்தே ஓடத் தொடங்கியிருந்தது. விநாடி முள் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்த அப்பா, மணியும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். வண்டிக்குப் போட வேண்டிய பூமாலை வரத் தாமதமானபோது, "நேரங் கெடக்குதுங்க மச்சான், ஒம்பதே முக்காலுதான் ஆவுது" என்றார். சுவிஸ் கடிகாரம் சொன்ன பிறகு தங்கள் கையைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ, மற்றவர்கள் யாரும் மணி பார்க்கவில்லை.

பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுங்க, லாரி சாலையில் இறங்கியதும் பட்டறைக்கு டீ வந்தது.

"என்னங்க, பத்து மணிக்கே டீ கொண்டாந்துட்டீங்க?" என்றார் மாமா.

"பதினொன்னாச்சுங்களே!" என்றார் டீக்காரர்.

எல்லோரும் அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். "சீமை வாட்ச்சுன்னா சும்மாவா மாப்ள, ராகு காலத்தத் தேடிப் புடிச்சுக் குடுத்துருச்சு பாருங்க" என்று மாமா சிரித்தார். அப்பா முகம் சிறுத்துப்போய், தம்பியை யாரோ ஏமாற்றிப் போலியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார்.

"அதுமேல தப்பில்லீங்க. கை ஆடுனாத்தான் ஓடும்னு உங்க தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. பீரோவுக்குள்ள யாருங்க கையாட்டறாங்க?" என்றார் அம்மா. பட்டறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், "மாப்பிள்ள வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் எங்கையில கெடக்கட்டும்" என்று அம்மா கையை நீட்டினார்.

"கோழிக் கொட்டாய்லயா? அது மாப்பிள்ளைக்குப் புள்ள" என்றார் அப்பா. அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை.

அப்படி அந்தக் கடிகாரம் கோழிகளுக்கு வேலை செய்யப் போனது. முட்டைக் கோழிக்கு வெளிச்சம் நேரப்படி கிடைக்க வேண்டும். விளக்கு போடுவதும் அணைப்பதும் முன்பின் ஆனால் முட்டை குறையும். மின்சாரம் போனாலும் அம்மாவின் கை நிற்காது, அதனால் அதுவும் நிற்காது. அதன் பெரிய பலம் அதுதான். குறைகளும் இருந்தன, அம்மா மறைத்ததில்லை. வாரத்துக்குச் சில நிமிடம் முந்தும். வானொலிச் செய்தி தொடங்கும்போது திருத்த வேண்டும். கனம் அதிகம், குனிந்தால் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்குச் சரியும். பழுது பார்க்க வெளியூர் போனால் திரும்பி வர மனசு வைக்காது. முப்பது நாளோடு முடியும் மாதத்தை அது ஒப்புக்கொள்ளாது. மறுநாள், ஒன்றாம் தேதியன்று, முப்பத்தொன்று என்று காட்டி நிற்கும். அந்தத் தேதியைத் தள்ளிவிடும் வேலை எனக்கு. எதையும் நாளும் தேதியுமாகக் குறித்து வைக்கும் என் பழக்கம் அங்கே தொடங்கியதுதான். கூண்டுக் கம்பி உரசி உரசி அதன் பளபளப்பு போனது. பள்ளியில், "உங்கம்மா ஆம்பள வாட்ச்சுக் கட்டுதாமே" என்று சீண்டியவளிடம், "உங்கப்பன் வாட்ச்சு பாட்டரி தீந்தா ஓடுமா?" என்று நான் கேட்டதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அப்பா அதைத் திருப்பிக் கேட்டார். "மாப்பிள்ளைக்குன்னு அன்னிக்கே சொல்லி வெச்சதுதானே."

"மாப்பிள்ளைக்குப் புதுசா ஒண்ணு வாங்குங்க. இது ஒழச்ச வாட்ச்சு, பூட்டி வெக்கற கைக்குப் போவாது" என்ற அம்மா, அதைக் கழற்றி என் கையில் மாட்டினார். மாமா விடவில்லை: "ஆமாங்க மாப்ள, வர்ற பையனுக்கும் ராகு காலமா வரோணும்?" அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மண்டபத்தில் அவரே ஒவ்வொரு விருந்தாளியிடமும், "எம்பொண்ணு கையப் பாருங்க, சுவிஸ் வாட்ச்சு, அவங்கம்மா குடுத்தது" என்று காட்டிக்கொண்டு திரிந்தார்.

இன்று பண்ணையில் விளக்கைத் தானியங்கிப் பெட்டி போட்டு அணைக்கிறது. அந்தப் பட்டறை இருந்த இடத்தில் துணிக்கடை. செல்பேசி இதைவிடத் துல்லியமாக மணி காட்டும் என்பதும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு வாங்கிய கடிகாரம் பாட்டரி தீர்ந்து எங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கீறல் விழுந்த இது மட்டும் என் கையில் ஓடுகிறது, இன்னமும் கொஞ்சம் முந்தித்தான்.

முப்பது நாள் மாதம் முடிந்த மறுநாள் காலையில் அம்மா தவறாமல் அழைப்பார். இன்றும் அழைத்தார்.

"தேதியத் தள்ளுனியா சாமி?"

"தள்ளிட்டேம்மா."